வண்டியை 40 மிமீ உயர்த்தினேன், பின் ஆக்சில் வலது பக்கம் தள்ளி நிற்கிறது

அண்டாகுண்டா (காரைக்குடி)

வணக்கம். எனக்குச் சமையல் கான்ட்ராக்ட் தொழில். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்று எது வந்தாலும் அண்டா, குண்டான், கிரைண்டர், அடுப்பு, கூட மூன்று ஆட்கள், எல்லாம் என் ஏழு சீட் டீசல் வண்டியில்தான் போகும். சேசிஸ் வேறு பாடி வேறு என்று இருக்கிற வண்டி. பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே ஆக்சில், காயில் ஸ்பிரிங். கம்பெனி பெயர் வேண்டாம், அது வண்டியின் குற்றமும் இல்லை.

லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். கானாடுகாத்தான் போகிற வழியில் இருக்கிற வேகத்தடைகளில் சைலன்சர் உரசாத நாள் இல்லை. அதனால் போன மாதம் கெட்டியான ஸ்பிரிங் மாற்றினேன். காலி வண்டி பின்னால் 40 மிமீ உயர்ந்துவிட்டது. உரசல் நின்றது, சந்தோஷம்.

அப்புறம்தான் கவனித்தேன், பின்னால் நின்று பார்த்தால் வலது டயர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. மட்கார்டு விளிம்பிலிருந்து வலது டயர் 27 மிமீ உள்ளே, இடது டயர் 38 மிமீ உள்ளே. வித்தியாசம் 11. ஸ்பிரிங் மாற்றிய பட்டறையில் கேட்டால், "நீளம் மாற்றக்கூடிய குறுக்கு ராட் போடணும், 9,500 ஆகும், லேபர் தனி" என்கிறார்கள். அலைன்மென்ட் கடைக்காரர் "வண்டி நண்டு மாதிரி போகும், டயர் தேயும்" என்று பயமுறுத்துகிறார். ஆவணி முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

பள்ளத்தூர்_லேத்

தம்பி, பயப்பட ஒன்றும் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஆக்சிலுக்குக் குறுக்கே ஒரு கம்பி போகும். ஒரு முனை சேசிஸில், மறு முனை எதிர்ப்பக்கம் ஆக்சிலில். பட்டறையில் குறுக்கு ராட், லேட்டரல் ராட் என்பார்கள். புத்தகத்தில் பன்ஹார்ட் ராட், பழைய பிரெஞ்சு கார் கம்பெனியின் பெயர் அது. காயில் ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும்தான் வேலை, பக்கவாட்டில் ஆக்சிலைப் பிடித்து வைக்க அதற்குத் தெம்பு கிடையாது. அந்த வேலையை இந்த ஒற்றைக் கம்பிதான் பார்க்கிறது.

இப்போது ஒரு ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் தலையைச் சுவரோடு மேலே தள்ளத் தள்ள, அடி சுவரை நோக்கி நகர்ந்து வரும். ஏணியின் நீளம் மாறவில்லை, சாய்வுதான் மாறியது. சேசிஸ் முனை ஏணியின் தலை, ஆக்சில் முனை ஏணியின் அடி. பாடியைத் தூக்கினீர்கள், ஆக்சில் முனை சேசிஸ் முனை இருக்கிற பக்கமாக இழுபட்டது. உங்கள் வண்டியில் சேசிஸ் முனை வலது பக்கம் இருந்தால் ஆக்சில் வலது பக்கம் வந்துதான் ஆகும். அது கோளாறு இல்லை, கணக்கு.

தாழ்த்தினால் நேர் எதிர். கம்பி படுக்கை நிலைக்கு வரும்வரை ஆக்சிலை எதிர்ப்பக்கம் தள்ளும்.

*

செம்மண்_ஜீப்

யோசிக்கவே வேண்டாம், ராடை வாங்கிப் போடுங்க ப்ரோ. நான் என் வண்டியை 75 மிமீ தூக்கி, அதே நாளில் நீளம் மாற்றும் ராட் போட்டு ஆக்சிலை நடுவில் நிறுத்தினேன். ஒரு வருஷமாகக் கண்மாய்க் கரை, செம்மண் காடு எல்லாம் சுற்றுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. 9,500 எல்லாம் ஒரு கல்யாணத்து வடை காசு.

*

குறுக்குக்கணக்கு (கல்லூரியில் பாடம் எடுக்கிறவன்)

வடைக் காசை அப்புறம் பார்ப்போம். அண்டாகுண்டா, மூன்று அளவு சொல்லுங்கள். ராடின் நீளம், ஒரு கண் (முனையில் போல்ட் நுழையும் வளையம்) நடுவிலிருந்து மறு கண் நடுவரை. இப்போது காலி வண்டியில் சேசிஸ் முனை ஆக்சில் முனையைவிட எத்தனை மிமீ உயரத்தில் இருக்கிறது? ஸ்பிரிங் மாற்றும் முன் அது எவ்வளவு?

வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கி மேல் வைத்து அளக்காதீர்கள்.

*

அண்டாகுண்டா

ஐயா, அளந்துவிட்டேன். ராட் 900 மிமீ. சேசிஸ் முனை வலது பக்கம்தான். இப்போது உயர வித்தியாசம் 100. முன்பு எவ்வளவு என்று நான் அளக்கவில்லை, ஆனால் மச்சானிடம் இதே வண்டி ஸ்பிரிங் மாற்றாமல் இருக்கிறது. அதில் 60.

*

குறுக்குக்கணக்கு

அருமை. மச்சான் இருப்பது எவ்வளவு உதவி பாருங்கள்.

பிதாகரஸ் போதும். ராட் சாய்ந்திருக்கும்போது பக்கவாட்டில் அது அடைக்கிற தூரம், நீளத்தின் வர்க்கத்திலிருந்து உயரத்தின் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் வரும். 60 உயரத்தில் 898.0 மிமீ. 100 உயரத்தில் 894.4. ஆக, 40 மிமீ தூக்கியதால் ஆக்சில் வலது பக்கம் நகர்ந்தது 3.6 மிமீ. அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன 11 என்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். ஆக்சில் ஒரு பக்கம் 3.6 நகர்ந்தால் அந்தப் பக்கம் 3.6 குறையும், இந்தப் பக்கம் 3.6 கூடும், வித்தியாசம் 7.2 ஆகத் தெரியும். இந்த இரட்டிப்பை மறந்துதான் பலர் அலறுகிறார்கள். பட்டறைக்காரர்களும் 11 என்று சொல்லித்தான் ராட் விற்பார்கள், ஐந்தரை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் 11-க்கும் 7-க்கும் நடுவில் 4 மிமீ இடிக்கிறது. ராடின் கண்ணில் இருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது அளந்த இடம் தப்பாக இருக்கலாம்.

*

தூக்குக்குண்டு (கோட்டையூர்)

அளந்த இடம்தான் தப்பு. மட்கார்டு தகரம் ஐயா அது! தகரத்தை நம்பி யாராவது நடு பார்ப்பார்களா?

நான் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். எங்கள் தாத்தா சொல்வார், அந்தக் கோட்டை நிலைக்கதவை வைத்துப் பிடிக்கவில்லை, நூல் கட்டிப் பிடித்தார்கள் என்று. கதவு அப்புறம் வந்தது. வண்டிக்கும் சேசிஸ்தான் நூல். மட்கார்டு எல்லாம் அப்புறம் மாட்டியது.

இப்படிச் செய்யுங்கள். மட்டமான சிமென்ட் தரை வேண்டும். (ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஏற்றிவிடாதீர்கள், ஆச்சி உலக்கையோடு வருவார்.) தரை மட்டமா என்று தண்ணீர்க் குழாயால் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு டயரிலும் காற்று ஒரே அளவு. வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள், ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளந்தால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கைச் சரியாக உட்கார விடாது. பின்பக்க பம்பரைப் பிடித்து நாலு தடவை அமுக்கி விடுங்கள்.

சேசிஸின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற துளை அல்லது விளிம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். குண்டின் முனை தரையில் தொடும் இடத்தில் சுண்ணாம்புக் குறி. ரிம்மின் விளிம்பிலிருந்தும் அதேபோல் ஒரு குறி. இரண்டு குறிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளங்கள். டயர் ரப்பரை அளக்க வேண்டாம், எழுத்துப் புடைப்பு, பிதுக்கம் எல்லாம் ஏமாற்றும். ஒரு அளவை மூன்று தடவை எடுங்கள், மூன்றும் ஒத்து வந்தால்தான் அளவு.

*

அண்டாகுண்டா

செய்தேன் அண்ணே. மூன்று தடவையும் வித்தியாசம் 7 வருகிறது! சில தடவை ஏழேகால் போல.

இப்போதுதான் நினைவு வருகிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு பழைய வீட்டுக் கொல்லைப்புறத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கல்தூணில் வலது பக்கம் இடித்து, டிங்கரிங் செய்தேன். மட்கார்டு கொஞ்சம் உள்ளே போயிருக்கும் போல. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

*

குறுக்குக்கணக்கு

தூண் எந்தக் காலத்துத் தூண்! சரி, கணக்கு பொருந்திவிட்டது. நகர்வு 3.6 மிமீ, அது முழுக்க ராடின் சாய்வால் வந்தது. புஷ் தேய்மானம் இருந்தால் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தியிருக்காது. என் தனிக் கருத்து: புது வண்டியே ஆலையிலிருந்து வரும்போது இரண்டு மூன்று மிமீ முன்பின் இருப்பது சகஜம். மூன்றரைக்காக ராட் வாங்க மாட்டேன்.

*

அம்பாசிடர்_ஐயா (தேவகோட்டை)

நண்டு நடை என்று ஒருவர் சொன்னதால் இடையில் நுழைகிறேன். என் அம்பாசிடரில் நிஜ நண்டு நடையைப் பார்த்தவன் நான். 2014-ல் உற்பத்தியே நின்றுபோன வண்டி, ஆனால் எங்கள் வீட்டுக் கார் செட்டில் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. அதில் ராட் கிடையாது, காயில் ஸ்பிரிங்கும் கிடையாது, பின்னால் கமான் பட்டைதான் (அடுக்கடுக்கான ஸ்பிரிங் தகடுகள்). பட்டைகளை ஒன்றாகக் கோர்க்கிற சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் மேடையில் உள்ள குழியில் உட்காரும். ஆக்சிலைப் பட்டையோடு இறுக்குகிற யூ போல்ட் தளர்ந்தால் பளு முழுவதும் அந்தச் சின்ன போல்ட் மேல் விழும், ஒரு நாள் கட் ஆகும். அப்போது அந்தப் பக்கத்து ஆக்சில் பட்டை மேலேயே பின்னால் சறுக்கிவிடும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். பின்னால் சைக்கிளில் வந்தவர் "ஐயா, கார் கோணையாப் போகுது" என்று கத்தினார். முன் கண் போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை இரண்டு பக்கமும் அளந்தோம், ஒரு பக்கம் 14 மிமீ கூட. சென்டர் போல்ட் மாற்றி, யூ போல்ட்டை இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி இறுக்கினோம். சரியானது.

பட்டை சேர்த்தோ, ஷேக்கிலை (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸில் தொங்கவிடும் இணைப்பு) நீளமாக்கியோ உயர்த்துகிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். ஷேக்கில் நீளமானால் பக்கவாட்டில் சாய இடம் அதிகம், புஷ் தேய்ந்திருந்தால் பின்பக்கம் இடுப்பை ஆட்டும்.

*

குறுக்குக்கணக்கு

» அலைன்மென்ட் கடைக்காரர் "வண்டி நண்டு மாதிரி போகும், டயர் தேயும்" என்று பயமுறுத்துகிறார்

ஐயா சொன்னதுதான் முக்கியமான வேறுபாடு. ஆக்சில் பக்கவாட்டில் நகர்வது வேறு, ஆக்சில் கோணிக்கொள்வது வேறு. மூன்றரை மிமீ வலது பக்கம் நகர்ந்தாலும் ஆக்சில் சேசிஸுக்கு நேர் குறுக்காகவே நின்றால், பின் சக்கரங்கள் நேர் முன்னால்தான் பார்க்கின்றன. வண்டி இழுக்காது, டயர் அதனால் தேயாது. பின் சக்கரத் தடம் முன் சக்கரத் தடத்தைவிட மூன்றரை மிமீ தள்ளி விழும், அவ்வளவே.

ஒரு பக்கம் முன்னால், ஒரு பக்கம் பின்னால் என்று கோணினால்தான் நண்டு. காயில் ஸ்பிரிங் வண்டியில் அதைத் தீர்மானிப்பது நீளவாட்டில் உள்ள கைகள் (ஆக்சிலைச் சேசிஸோடு முன்பின்னாகப் பிணைக்கிற கம்பிகள்), குறுக்கு ராட் அல்ல. உயர்த்தும்போது அந்தக் கைகளும் சாய்வு மாறி ஆக்சிலை முன்பின் நகர்த்தும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர்த்துவதால் கோணாது. அலைன்மென்ட் கடையில் பின் சக்கரங்கள் நேர் முன்னால் பார்க்கின்றனவா என்ற கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பக்கம் வேறுபாடு இல்லை என்றால் அவர் சும்மா பயமுறுத்துகிறார் என்று அர்த்தம்.

மழைக்குப் பிறகு செம்மண் பாதையில் நேராக 20 மீட்டர் ஓட்டி இறங்கித் தடத்தைப் பார்த்தாலும் தெரியும். ஆனால் முன் சக்கர அகலமும் பின் சக்கர அகலமும் வேறாக இருக்கும் வண்டிகள் உண்டு, அதனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

*

புதுவயல்_பையன்

சின்னச் சந்தேகம். ஸ்கார்ப்பியோ-என் (Scorpio-N) வண்டியில் பின்னால் வாட்ஸ் லிங்கேஜ் என்று இருக்கிறதே, அதைத் தூக்கினாலும் இப்படி நகருமா?

*

பள்ளத்தூர்_லேத்

கிட்டத்தட்ட நகராது. ஜேம்ஸ் வாட் 1784-ல் நீராவி எஞ்சினுக்காகக் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. இரண்டு பக்கமும் இரண்டு கம்பி, நடுவில் சுழலும் ஒரு துண்டு. ஒரு கம்பி இழுக்கும்போது மறு கம்பி அதே அளவு விட்டுக்கொடுக்கும், நடுப்புள்ளி நேர் மேலும் கீழுமாக ஓடும். ரொம்ப அதிகமாகத் தூக்கினால் அதுவும் கோட்டை விட்டு விலகும், சாதாரண அளவுக்குக் கவலை இல்லை. இணைப்புகள் அதிகம், புஷ்ஷும் அதிகம், தேய்ந்தால் செலவும் அதிகம். விவாத இழை திசை மாறுகிறது, வேண்டுமானால் தனி இழை போடு தம்பி.

அண்டாகுண்டா, உங்களிடம் ஒரே கேள்வி. யாருமே கேட்கவில்லை. லோடு ஏற்றினால் வண்டி எவ்வளவு இறங்குகிறது?

*

அண்டாகுண்டா

முந்தாநாள் நேமத்தான்பட்டியில் ஒரு படைப்புக்குப் போகும்போது அளந்தேன். அண்டா எல்லாம் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்ததும் ராடின் உயர வித்தியாசம் 100-லிருந்து 55 ஆகிவிட்டது. அண்ணே, அப்படியானால்...

*

பள்ளத்தூர்_லேத்

அப்படியானால் என்ன? லோடு இருக்கும்போது உங்கள் ஆக்சில் நடுவில்தான் நிற்கிறது! மச்சான் வண்டி காலியாக நிற்கும் 60-க்கும் உங்கள் 55-க்கும் அரை மிமீ வித்தியாசம்கூட வராது. வாரத்தில் எத்தனை நாள் லோடோடு போகிறீர்கள்?

*

அண்டாகுண்டா

முகூர்த்த மாதத்தில் தினமும். மற்றபடி பாதிக்குப் பாதி.

*

குறுக்குக்கணக்கு

லேத் அண்ணன் கேட்டதுதான் இந்த இழையிலேயே சரியான கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டும், வகுப்பறைப் புத்தி காலி வண்டியிலேயே நின்றுவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலி வண்டியை நடுவில் நிறுத்த ராடை 903.6 ஆக நீட்டினால், லோடு ஏறி 55-க்கு இறங்கும்போது ஆக்சில் 3.9 மிமீ இடது பக்கம் போய்விடும். 9,500 கொடுத்து, நோயை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றிக்கொண்ட கதை. 902-இல் வைத்தால் காலியில் ஒன்றரை வலது, லோடில் இரண்டேகால் இடது. அதற்கு ஒரு ராடா?

*

செம்மண்_ஜீப்

எனக்கு ஒப்பவில்லை. ராட் நீளம் மாற்றுகிற மாதிரி இருந்தால் எப்போதும் நல்லதுதானே? கணக்குப் போடுகிறவர்கள் யாரும் காட்டில் ஓட்டியதில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் சட்டென்று பக்கவாட்டில் தட்டும். ராட் போட்டால்தான் அது போகும்.

*

குறுக்குக்கணக்கு

அது போகாது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தத் தட்டல் ராடின் சாய்வால் வருகிறது, நீளத்தால் அல்ல.

அண்டாகுண்டாவின் வண்டியையே எடுத்துக்கொள்வோம். உயர்த்தும் முன், 60-இல் நிற்கும் காலி வண்டி வேகத்தடையில் 60 மிமீ அமுங்கினால் ராட் படுக்கையாகிவிடும். ஆக்சில் பக்கவாட்டில் 2 மிமீ நகரும். இப்போது 100-இல் நிற்கிறது. அதே 60 அமுங்கி 40-க்கு வந்தால் 4.7 மிமீ. இரண்டு மடங்குக்கு மேல். ராடை மூன்றரை மிமீ நீட்டினால் இந்த 4.7 மாறுமா? மாறாது. நிற்கும்போது நடு, ஓடும்போது பழைய ஆட்டமே.

ஆட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ராடை மறுபடி பழைய சாய்வுக்குக் கொண்டுவர வேண்டும். வண்டியை எவ்வளவு தூக்கினோமோ அவ்வளவு, ராடின் ஆக்சில் பக்க முனையை மேலே ஏற்ற ஒரு பிராக்கெட். அப்போது நீளமும் மாற வேண்டியதில்லை, நடுவும் தானாக வரும். 75 மிமீ தூக்கிய உங்கள் வண்டிக்கு அதுதான் நியாயமான வழி.

*

பள்ளத்தூர்_லேத்

பிராக்கெட் பற்றி வெல்டிங் கை வைக்கிறவன் சொல்கிறேன், கேளுங்கள். வளைவில் வண்டியின் பின்பாரம் முழுவதும் பக்கவாட்டில் அந்த முனையைத்தான் பிடித்து இழுக்கிறது. முனையை 40, 50 மிமீ உயர்த்தினால் நெம்புகோல் நீளமாகிறது. ஒரு தகரத் துண்டை ஒற்றைப் பக்கம் ஒட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆறு மாதத்தில் வெல்ட் ஓரத்தில் விரிசல் விடும். இரண்டு பக்கமும் தாங்கு தகடு, ஆக்சில் குழாயோடு ஒரு சாய்வுத் தாங்கல், இவை இல்லாமல் செய்யக் கூடாது. அமுங்கும்போது ராட் டீசல் டேங்கிலோ கிரவுன் மூடியிலோ (ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கர மூடி) இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் என் பட்டறையில் இதைச் செய்வதே இல்லை, தயாராக வருகிற பிராக்கெட்டை போல்ட் போட்டு மாட்டினால் மட்டும் ஒப்புக்கொள்வேன்.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நினைவிருக்கட்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. எஃப்சி (தகுதிச் சான்று) நேரத்தில் என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

*

கீழவளவு

வாசகனாகவே இருந்தேன், ஒரு அனுபவம் சொல்லிவிட்டுப் போகிறேன். திருச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் என் வண்டிக்கு குறுக்கு ராட் புஷ் மாற்றினார்கள். லிப்டில் வண்டி அந்தரத்தில், ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு போல்ட்டையும் போல்ட் இறுக்கும் துப்பாக்கியால் டர்ரென்று இறுக்கிவிட்டார்கள். ஆறாயிரம் கிலோமீட்டரில் புஷ் கிழிந்தது. கேட்டால் "புஷ் டூப்ளிகேட் சார்" என்றார்கள். வாங்கிக் கொடுத்ததே அவர்கள்தான்.

*

பள்ளத்தூர்_லேத்

அதே கதைதான் எல்லா ஊரிலும். அந்த புஷ்ஷில் உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் குழாய், நடுவில் ரப்பர் இரண்டோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கினால் உள் குழாய் அசையாது. வண்டி ஏறி இறங்கும்போது அது சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். நின்றாலே முறுக்கு, ஓடினால் மேலும் முறுக்கு. கிழியாமல் என்ன செய்யும்?

போல்ட்டை மாட்டி, கையிறுக்கத்தில் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அமுக்கி உட்காரவைத்து, சக்கரத்தில் நிற்கும்போது முழு இறுக்கம். குழியில் இறங்கிச் செய்ய வேண்டிய வேலை, சட்டை அழுக்காகும், அதனால்தான் யாரும் செய்வதில்லை.

அண்டாகுண்டா, உங்களுக்கு ஸ்பிரிங் மாற்றியவர்கள் ராட் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கினார்களா? இல்லை என்றால் உங்கள் புஷ் பழைய உயரத்திலேயே இறுகியிருக்கிறது, 40 மிமீ அளவுக்கு எப்போதும் முறுக்கில். அதை மட்டும் சரி செய்யுங்கள். பாதி லோடு வைத்து இறுக்குங்கள், உங்கள் பிழைப்புக்கு அதுதான் நடு.

அப்புறம், ராடைவிட அவசரமான ஒன்று. ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி, ஒரு பிரேக் வால்வோடு சேர்ந்து இருக்கிறதா பாருங்கள்.

*

அண்டாகுண்டா

இருக்கிறது அண்ணே. அது என்ன?

*

பள்ளத்தூர்_லேத்

பளு பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு. பாடி ஆக்சிலுக்கு நெருங்கி இறங்கினால் "லோடு இருக்கிறது" என்று நினைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் முழுசாக விடும். பாடி உயர்ந்தால் "காலி வண்டி" என்று நினைத்துக் குறைக்கும். நீங்கள் கெட்டி ஸ்பிரிங் போட்டதால் முழு லோடோடு போகும்போதும் வண்டி உயரம் பழைய காலி வண்டி மாதிரியே இருக்கிறது. வால்வுக்கு அண்டா தெரியாது, உயரம்தான் தெரியும். ஆக, உங்களுக்குப் பின் பிரேக் தேவைப்படுகிற நேரத்தில் அது குறைவாகக் கொடுக்கிறது. வண்டிக் கையேட்டில் அந்தக் கம்பியின் அளவு இருக்கும், தெரிந்தவரிடம் கொடுத்துப் புது உயரத்துக்கு அமைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள் இரண்டும் முழுக்கத் தொங்கும்போது விறைக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றரை மிமீக்கு இத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொண்டோம், இதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் சேர்த்துத்தான்.

*

அண்டாகுண்டா

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

ராட் வாங்கவில்லை. வேறு ஒரு பட்டறையில் குழியில் வண்டியை நிறுத்தி, இரண்டு கிரைண்டரும் நாலு அண்டாவும் பின்னால் ஏற்றி, ராட் போல்ட் இரண்டையும் தளர்த்தினோம். தளர்த்தியதும் "டொக்" என்று ஒரு சத்தம், கண்ணே லேசாகச் சுழன்று உட்கார்ந்தது. புஷ் இன்னும் கிழியவில்லை. அப்படியே இறுக்கிவிட்டோம். நீளவாட்டுக் கைகளின் போல்ட்டையும் அதே மாதிரி தளர்த்தி இறுக்கினார்கள்.

பிரேக் வால்வை அமைத்தார்கள். வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. திருமயம் ரோட்டில் லோடோடு பிரேக் அடித்தால் முன்பு மூக்கு மட்டும் கீழே குத்தும், இப்போது வண்டி மொத்தமாக அமர்கிறது. அலைன்மென்ட் கடையில் பின் கோணம் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒன்று. கடைக்காரர் அப்புறம் நண்டைப் பற்றிப் பேசவே இல்லை.

காலி வண்டியில் 7 மிமீ வித்தியாசம் அப்படியே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

*

செம்மண்_ஜீப்

நேற்று சும்மா இருக்க முடியாமல் தூக்குக்குண்டு ஒன்று வாங்கி என் வண்டியையும் அளந்தேன். நடுவில் நிறுத்தினேன் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆக்சில், எதிர்ப்பக்கம் 5 மிமீ தள்ளி நிற்கிறது. ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது நடு பார்த்திருக்கிறேன். தரையில் இறங்கியதும் ராட் படுத்து ஆக்சிலைத் தள்ளிவிட்டது. ஏணிக் கதைதான், தலைகீழாக.

லேத் அண்ணே, சனிக்கிழமை குழி காலியா?

*

பள்ளத்தூர்_லேத்

காலிதான். வண்டியில் எப்போதும் என்னென்ன சாமான் வைத்திருப்பாயோ அதையெல்லாம் இறக்காமல் கொண்டு வா. பழைய துணியில் ஒரு சட்டை எடுத்து வா, நீயே குழியில் இறங்குகிறாய்.